முட்டிக்குக் கீழே

எங்கள் பக்கத்தில் ஒருவர் இளவயதில் ஹாக்கி ஆடினாரா என்று தெரிந்துகொள்ள அவரிடம் கேட்க வேண்டியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டும்போது கணைக்காலைப் பார்த்தால் போதும். முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, தோலை ஒட்டி எலும்பு ஓடும் முன்பக்கத்தில், மயிர் முளைக்காத தழும்புகள் பளபளக்கும். விரலால் தடவினால் எலும்பிலேயே சின்னச் சின்ன மேடு தட்டுப்படும். வலது காலைவிட இடது காலில் அதிகமாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது. எவனாக இருந்தாலும் ஒரே மட்டைதான். இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை, தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். எதிரே பந்தோடு வருகிறவனைத் தடுக்க டிஃபெண்டர் இடது கையில் மட்டையை நீட்டி, இடது காலை முன்னே வைத்துத்தான் குத்துவான். முன்னே போகிற கால்தான் முதல் அடியை வாங்கும். நானும் டிஃபெண்டர். எனக்கும் இடது காலில்தான்.

நான் புதூர்க்காரன். தமிழ்நாட்டில் புதூர்கள் ஏராளம். இது விளாத்திகுளத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, மல்லியும் மிளகாயும் பருத்தியும் விளைகிற கரிசல் காட்டுப் புதூர். மழை பெய்தால் எங்கள் மண் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் அந்த வெடிப்புக்குள் ஹாக்கி மட்டையைச் செருகினால் பாதி உள்ளே போய்விடும். அதில் பந்து உருளாது என்பதால் பள்ளிக்கூட மைதானத்தில் செவல் மண்ணையும் சரளையும் வண்டியில் அடித்துப் பரப்பியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் போனால் போதும், செவல் கரைந்து அடியிலிருந்து கரிசல் தலைகாட்டும். சரள் மட்டும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பந்து நேராகத்தான் வந்துகொண்டிருக்கும். கடைசி இரண்டு அடியில் ஒரு சரளில் பட்டு எழும்பும். மட்டை தரையில் காத்திருக்க, பந்து அதைத் தாண்டிக் காலில் வந்து விழும். ஹாக்கிப் பந்து விதிப்படி 156 முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த நல்ல பந்து மேட்ச் அன்றைக்குத்தான் அலமாரியை விட்டு வெளியே வரும். மற்ற நாளெல்லாம் தையல் பிரிந்த கிரிக்கெட் பந்து. அதன் எடையும் ஏறக்குறைய அதேதான்.

தொடையில் பட்டால் கன்றிப்போகும், இரண்டு நாளில் சரியாகிவிடும். கெண்டைச் சதையில் பட்டாலும் அப்படித்தான். முன்பக்க எலும்பில் பட்டால் கதை வேறு. அங்கே எலும்புக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே தோல் மட்டுமே இருக்கிறது. அடியை வாங்கிக்கொள்ளச் சதை கிடையாது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் நரம்பு நிறைய. அதனால்தான் கட்டில் காலில் இடித்துக்கொண்டால்கூட உயிர் போகிற மாதிரி இருக்கிறது. அங்கே எலும்பு முறிந்தால் முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் இதனால்தான். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வயதில் எங்களுக்குத் தெரிந்தது, அடி பட்டதும் கண்ணில் தண்ணீர் வரும், அது வருவதை யாரும் பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான்.

புதூரில் ஹாக்கி எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குக் கோவில்பட்டியைத்தான் கைகாட்ட வேண்டும். மற்ற ஊர்ப் பையன்கள் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் போனபோது, கோவில்பட்டியும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும் ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்தன. எங்கள் அப்பாக்கள் காலத்திலேயே அங்கே ஹாக்கி இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கும் மில் வேலைக்கும் போய்வந்தவர்கள் சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். மட்டையை எப்படிப் பிடித்தான், யாருக்குப் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று டீக்கடையில் பேசுவார்கள். 1980-இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியபோது அணித் தலைவர் தமிழ்நாட்டுக்காரரான வாசுதேவன் பாஸ்கரன். அந்தச் செய்தி ரேடியோவில் வந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹாக்கிக்குப் பேர் கொடுத்த பையன்கள், இருக்கிற மட்டைகளைவிட அதிகம். மட்டை கிடைக்காதவர்கள் வேலிக்கருவையில் வளைந்த கொம்பாகப் பார்த்து வெட்டிச் சீவிக்கொண்டார்கள். முள் நீக்கி, பட்டை உரித்து, நெருப்பில் வாட்டி எடுத்தால் ஒரு மாதம் தாங்கும்.

மட்டைக்கு வழி இருந்தது. காலுக்கு இல்லை. காலுக்கு ஏதாவது வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த கால் பேடு ஒரே ஒரு ஜோடி, கோல்கீப்பருடையது. வெள்ளைக் கேன்வாஸ் பழுப்பாகிப் போயிருந்தது. மூன்று தோல் வாரில் ஒன்று அறுந்து, அந்த இடத்தில் சணல் கயிறு. ஒருநாள் அதன் ஓரம் கிழிந்திருந்தபோது உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் பிரம்புக் குச்சிகள் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கட்டி தட்டிப்போன பஞ்சு. பந்து பிரம்பில் படும். ஒரு குச்சியில் விழுந்த அடியைப் பக்கத்துக் குச்சிகள் பங்குபோட்டுக்கொள்ளும். மிச்சத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். வெளியே விறைப்பு, உள்ளே மெத்து. இன்றைக்குப் பிளாஸ்டிக் ஓடும் ஃபோமும் வைத்து வருகிற ஷின் கார்டும் செய்வது இந்த வேலையைத்தான். ஒரு புள்ளியில் விழுகிற அடியை உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பிவிடுவது. பருத்தி விளைகிற ஊரில், வீட்டுக்கு வீடு பஞ்சு கிடக்கிற ஊரில், அதைக் காலில் கட்டிக்கொள்ளலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

என் கூட்டாளி ஒருவன் லெஃப்ட் இன் ஆடினான். எங்கள் வகுப்பிலேயே வேகமான கால் அவனுடையது. பந்தை மட்டையின் இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிக் கொண்டுபோவான். தடுக்க வருகிறவன் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நின்றுவிடுவான். ஒரு சாயங்காலம், வெறும் பயிற்சிதான், யாரோ இரண்டு கையாலும் ஓங்கி அடித்த மட்டை பந்துக்குப் பதிலாக அவன் காலில் விழுந்தது. மட்டையும் மட்டையும் மோதினால் ஒரு சத்தம் கேட்கும், அது எங்களுக்குப் பழக்கம். இது அந்தச் சத்தம் இல்லை. மைதானத்தின் மறுகோடியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கத்தவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, தொடாதீக, தொடாதீக" என்று மட்டும் சொன்னான்.

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனோம். அவன் அய்யா எலும்புக் கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பத்துப் போட்டு, சுற்றித் துணி வைத்து, மேலே மூங்கில் பத்தைகளை நீளவாக்கில் அடுக்கி இறுக்கிக் கட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று அந்த மூங்கில் பத்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்கீப்பர் பேடுக்குள் பார்த்த அதே வரிசை. அதே இடம். முட்டிக்குக் கீழே தொடங்கிக் கணுக்காலுக்கு மேலே முடிகிறது. ஒடிந்த பிறகு வைத்துக் கட்டிய இந்தப் பத்தையை ஒடிவதற்கு முன்னால் கட்டியிருந்தால் என்ன என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. எலும்பு கூடியது. ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியது. அவன் அதற்குப் பிறகு ஆடவில்லை. மழை வரப்போகிறதென்றால் ரேடியோவுக்கு முன்னால் அவன் கால் சொல்லிவிடும் என்று அவன் அம்மா சொல்வார்கள்.

அடுத்த வாரமே நாங்கள் காலுக்குக் கவசம் செய்யத் தொடங்கினோம். முதலில் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வாங்கிவந்த பண்டல் அட்டை. நாலைந்து அடுக்கு ஒட்டி, சாக்குத் துணியில் தைத்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டிக்கொண்டோம். காய்ந்திருக்கும் வரை நன்றாகத்தான் இருந்தது. வியர்வையில் நனைந்ததும் ஊறிக் கூழாகிவிட்டது. பிறகு பனை மட்டை. அது கனம், ஓடும்போது கணுக்காலில் இடித்து இடித்துப் புண்ணாக்கியது. கடைசியில் கைகொடுத்தது பைப்பு. குடிநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் விட்டுப்போன நாலு அங்குல பிளாஸ்டிக் பைப்புத் துண்டுகள் ரோட்டோரம் கிடந்தன. ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தால் ஒரு துண்டில் இரண்டு கால் கிடைக்கும். அப்படியே வைத்தால் காலில் உட்காராது. நம் கணைக்கால் மேலே அகலம், கீழே ஒடுக்கம். அதனால் பருத்திமார் நெருப்பின் அனலில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவோம். நெருப்பில் பட்டால் கருகும், நாறும். அனல் மட்டும் பட வேண்டும். இளகத் தொடங்கியதும் ஈரத்துணியால் பிடித்து, இருப்பதிலேயே மெலிந்த காலுக்காரனை உட்காரவைத்து, அவன் காலில் சாக்கைச் சுற்றி அதன்மேல் அமுக்குவோம். ஆறியதும் அந்த வளைவு நின்றுவிடும்.

ஓரம் கூர்மையாக இருக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் எதிராளியின் காலைவிட நம் காலைத்தான் முதலில் கிழிக்கும். உள்ளே மெத்துக்கு, தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடிப்பாகம். வாரைப் பிடுங்கிவிட்டு, இரண்டாகப் பிளந்து, பஞ்சர் ஒட்டும் பசையால் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். ஊரில் ஒரு செருப்பும் குப்பைக்குப் போகாமல் எங்களிடம் வந்த காலம் அது. இதை மாட்டிக்கொண்டு ஒருவன் நிற்க, இன்னொருவன் பத்தடி தள்ளி நின்று பந்தை அடித்துப் பார்த்தான். 'டொக்' என்று சத்தம் வந்தது. நின்றவன் முகத்தையே எல்லாரும் பார்த்தோம். அவன் சிரித்தான்.

அப்படியும் மேட்சில் நாங்கள் அதை மாட்டிக்கொள்ளத் தயங்கினோம். பெரிய பையன்கள் "வலிக்குதுன்னா பாண்டி ஆடப் போங்கலே" என்பார்கள். அடி வாங்கிக்கொண்டு நொண்டாமல் ஓடுகிறவன்தான் ஆம்பளை என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அந்தப் பேச்சு எத்தனை நல்ல ஆட்டக்காரர்களைக் கெடுத்தது என்பது எனக்குக் கோவில்பட்டியில் ஆடப் போன அன்றைக்குப் புரிந்தது.

விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். எதிர் அணியில் பாதிப் பேர் முட்டி வரை சாக்ஸ் போட்டு, அதற்குள் பேடு செருகியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் நான் கவனித்தது அவர்களுடைய உயரத்தை. எங்களைவிடக் குள்ளமாகத் தெரிந்தார்கள். குள்ளமில்லை, குனிந்திருந்தார்கள். முட்டியை நன்றாக மடக்கி, மட்டையின் முழு நீளத்தையும் தரையில் படுக்கவைத்து, பந்து வருகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அடிக்க ஓங்கியபோது அவர்கள் கண்ணை மூடவில்லை, காலை இழுக்கவில்லை. பந்து மட்டையில் பட்டால் சரி, தப்பினால் பேடில் படட்டும் என்று அப்படியே நின்றார்கள். எங்கள் பக்கம்? பந்து வேகமாக வந்தால் எங்கள் உடம்பு தானாக நிமிரும், ஒரு கால் தானாக மேலே போகும், அந்த இடைவெளியில் பந்து நுழைந்து போய்விடும். ஓரத்தில் நின்ற எங்கள் பி.டி. சார் தொண்டை கட்டும்வரை கத்தினார்: "ஏலே, காலைத் தூக்காதலே! குனி! மட்டையைத் தரையில வை!"

அவர் வருஷக்கணக்காக அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பலமுறை அடி வாங்கிய கால் சொல்பேச்சு கேட்காது. மனசு குனியச் சொல்லும், எலும்பு நிமிரச் சொல்லும், எலும்புதான் ஜெயிக்கும். எங்களிடம் துணிச்சல் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரிசல்காட்டு வெயிலில் வெறுங்காலோடு சரளில் ஓடியவர்கள் நாங்கள். குறைந்தது துணிச்சல் இல்லை. அரை அங்குலப் பஞ்சும் ஒரு பிளாஸ்டிக் ஓடும்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய சென்டர் ஹாஃப் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சாக்ஸை உருட்டி இறக்கினார். பக்கத்தில் போய் நின்றேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளியே மழமழவென்ற பிளாஸ்டிக், அதில் ஏழெட்டு இடத்தில் பந்து பட்ட வெள்ளைக் கீறல். உள்ளே வியர்வையில் நனைந்த ஃபோம், விரலால் அமுக்கினால் மெதுவாக மேலெழும்பியது. கீழே கணுக்கால் மொட்டு இரண்டையும் மூடுகிற மாதிரி வட்டமான இரண்டு துண்டு.

"எங்கண்ணே வாங்குனது?"

"எங்க சித்தப்பா மிலிட்டரில இருக்காக. ஜலந்தர்ல இருந்து வாங்கிட்டு வந்தாக."

ஜலந்தர் என்ற பேரை அன்றைக்குத்தான் விளையாட்டோடு சேர்த்துக் கேட்டேன். 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளிகளும் வியாபாரிகளும் அங்கே விளையாட்டுச் சாமான் தொழிலைப் புதிதாக எழுப்பினார்கள். இன்றைக்கும் இந்தியாவில் மட்டையும் பந்தும் பேடும் பெரும்பாலும் ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும்தான் வருகின்றன. அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டிய பொருள் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு எட்டாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பின்னாளில் உள்ளூர் மேட்சுகளுக்கு நடுவராக நின்றபோது விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். கணைக்காலைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதைத்தான் முதலில் தேடினேன். கோல்கீப்பர் தலைக்கவசமும் பேடும் போட வேண்டும், ஒவ்வொரு பேடும் 300 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக்கூடாது என்று அளவோடு எழுதியிருக்கிறது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு, கணைக்காலுக்கும் கணுக்காலுக்கும் வாய்க்கும் காப்பு அணிவது நல்லது என்ற பரிந்துரை மட்டும்தான். கட்டாயமில்லை. ஆனால் அதே புத்தகத்தில் பெனால்டி கார்னர் பகுதியைப் படித்தால் ஒன்று தெரியும். கார்னரில் கோலை நோக்கி வரும் முதல் அடி, ஐந்து மீட்டருக்குள் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் முட்டியிலோ முட்டிக்கு மேலோ பட்டால் அது ஆபத்தான அடி. தடுத்தவர் பக்கத்துக்கு ஃப்ரீ ஹிட். முட்டிக்குக் கீழே பட்டால் அடித்தவர் பக்கத்துக்கே இன்னொரு பெனால்டி கார்னர். அந்த முதல் அடி ஓங்கி அடித்த ஹிட்டாக இருந்தால் 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள் கோல் கோட்டைத் தாண்டினால்தான் கோல். கோலுக்குப் பின்னால் நிற்கும் பலகையின் உயரம் அது. ஒரு வளர்ந்த ஆளின் முட்டியளவு.

அதாவது, முட்டிக்கு மேலே நம் உடம்பை விதி காக்கிறது. முட்டிக்குக் கீழே வருகிற பந்து முறையான பந்து. அந்த இடத்தை விதி ஆட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அதை ஆட்டக்காரர்தான் காத்துக்கொள்ள வேண்டும். இப்படி இருக்கிற ஒரு ஆட்டத்தில் ஷின் கார்டைப் பரிந்துரையாக மட்டும் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் ஆடும் பள்ளிக்கூட மேட்சிலாவது கட்டாயமாக்க வேண்டும். கால்பந்தில் 1990-இலேயே ஃபிஃபா அதைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே வருவது பூட்ஸ் கால். இங்கே வருவது மரமட்டையும் கல் மாதிரியான பந்தும்.

கால்பந்துக்கு இந்தக் காப்பு வந்த கதையைப் படித்தபோது எனக்கு எங்கள் பைப்புத் துண்டு ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு ஆடிய சாம் வெல்லர் விடோசன் 1874-இல் கிரிக்கெட் பேடை வெட்டிச் சின்னதாக்கி, சாக்ஸுக்கு வெளியே வார் போட்டுக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அவர் கிரிக்கெட்டும் ஆடியவர். கையில் இருந்த பொருளிலிருந்து செய்துகொண்டார். பார்த்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு எல்லாரும் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பெரிய பையன்களும் அதே இரண்டையும் அதே வரிசையில் செய்தார்கள். மூன்றாவது வருஷம் எங்களைக் கேலி செய்தவர்களே, "எனக்கும் ஒரு ஜோடி வளைச்சுக் குடுலே" என்று பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

இப்போது கோவில்பட்டிக்குப் போனால் வேறு உலகம். செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைக்கிறார்கள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு ஒருமுறை திக்கென்னும். ஆனால் நனையாத புல்லில் விழுந்தால் தோல் உரிந்துவிடும், பந்தும் ஒழுங்காக ஓடாது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்குப் போனபோது மண்தரையில் பழகிய இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அந்தத் தரை கரிசலுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று! தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி அங்கே இருக்கிறது. கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வடக்கிலிருந்தெல்லாம் அணிகள் வருகின்றன. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டியே கோவில்பட்டியில் நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் கார்த்தி பேரில் இருக்கிறது. அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு முழுக்கக் கத்தியது.

செயற்கைப் புல்லில் பந்து சரளில் பட்டுத் துள்ளுவதில்லை. நேராக வருகிறது, ஆனால் எங்கள் காலத்துப் பந்தைவிட ரொம்ப வேகமாக வருகிறது. மட்டையும் இப்போது மல்பெரி மரம் இல்லை, கார்பன் கலந்தது. அதிலிருந்து கிளம்புகிற பந்துக்கு முன்னால் பைப்புத் துண்டு நிற்காது. விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் ஷின் கார்டு போட்டிருக்கிறார்கள். பெனால்டி கார்னருக்கு முதலில் பாய்ந்து ஓடுகிறவன் முகமூடியும் முட்டிக் காப்பும் சேர்த்து மாட்டிக்கொள்கிறான். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் விடுதிக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை எங்கே ஆடுகிறது? எங்கள் புதூர் மாதிரி ஊரில், சரளில். அங்கே இன்றைக்கும் வெறுங்கணைக்காலோடு ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். குனியப் பழக வேண்டிய வயதில் கால் நிமிரப் பழகிக்கொண்டுவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல பயிற்சியாளர் வந்தாலும் அதை மாற்றுவது கஷ்டம்.

போன வருஷம் என் தங்கச்சி மகள் பள்ளி அணிக்குத் தேர்வானாள். அவளும் டிஃபெண்டர். சாமான் வாங்க அவளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மாப்பிள்ளை நல்ல மட்டையாகப் பார்த்து எடுத்தார். விலை அதிகமான ஷூவையும் எடுத்துவைத்தார். ஷின் கார்டைக் காட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் பாத்துக்கிடலாம் மச்சான். இப்பதான டீம்ல சேந்துருக்கா."

"ஷூவை அடுத்த மாசம் பாரு மாப்ள. பழைய ஷூ போட்டு ஆடலாம். இது இல்லாம முதல் நாள்கூட விடாத."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேட்டியைக் கொஞ்சம் தூக்கி இடது காலைக் காட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஷூவைத் திரும்ப வைத்துவிட்டார்.

அளவு பார்ப்பதில்தான் கடைகளில் அவசரப்படுகிறார்கள். வயதைச் சொன்னால் ஒரு ஜோடியை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். வயது கணக்கில்லை, காலின் நீளம்தான் கணக்கு. அவளை முக்காலியில் உட்காரவைத்து முட்டியை மடக்கச் சொன்னேன். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு, அங்கிருந்து பாதம் மடங்கும் இடத்துக்குச் சற்று மேல்வரை மூட வேண்டும். மேலே ஏறினால் குனியும்போது முட்டியில் குத்தும். அப்புறம் குனியவே மாட்டாள். கீழே குறைந்தால் கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை திறந்து கிடக்கும், பந்து அங்கேதான் வரும். கணுக்கால் மொட்டை மூடும் துண்டு சேர்ந்தே வருகிற ஜோடியாக எடுத்தோம். ஓடு காலின் முன்பக்கத்தை மட்டும் மூடுகிறதா, இல்லை உள்பக்கமும் சற்றுச் சுற்றி வருகிறதா என்று தடவிப் பார்த்தேன். நம் எலும்பின் திறந்த முகம் உள்பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. மாட்டிக்கொண்டு குதிக்கச் சொன்னேன், நகரவில்லை.

"ஆடி முடிச்சதும் பையிலயே போட்டு வச்சிராத தாயி," என்றேன். "ஃபோமைப் பிரிச்சு நிழல்ல காய வை. நம்ம ஊரு வெயில்ல காயப்போட்டா ஓடு வெடிச்சிரும். ஈரத்தோட மாட்டினா தோல் புண்ணாகும்."

தலையாட்டினாள். பிறகு, "மாமா, எங்க டீம்ல பாதிப் பேருக்கு இது இல்ல. நான் மட்டும் போட்டுட்டுப் போனா ஒரு மாதிரி இருக்கும்" என்றாள்.

எங்கள் செட்டில் ஆடியவர்கள் பலர் இப்போது சென்னையிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். கோணல் காலுக்காரனும் நன்றாகத்தான் இருக்கிறான். நல்லது கெட்டது எதற்கும் முதலில் கை நீட்டுகிறவன் அவன்தான். கடையிலிருந்தே அவனைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டான். கடைக்காரரிடம் ஒரு முழு அணிக்கு மொத்தமாக எடுத்தால் என்ன விலை வரும் என்று விசாரித்து, பிள்ளைகளின் கால் அளவை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வருவதாகச் சொன்னேன். கோல்கீப்பர் பேடுக்கும் சேர்த்தே விலை போடச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஜோடியில் இன்றைக்கும் ஒரு வாருக்குப் பதிலாகக் கயிறுதான் கட்டியிருக்கிறார்களாம்.